குறியிடா ஆர்.என்.ஏ.வும் உள்ளார்ந்த நோயெதிர்ப்பும்

டி.என்.ஏ.யிலிருந்து படியெடுக்கப்பட்டும் புரதமாக மாறாமல், தானே வேலை பார்க்கும் இழைகள் குறியிடா ஆர்.என்.ஏ.க்கள். மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியைக் குப்பை என்றே பலர் ஒதுக்கிவைத்தார்கள், அவசரப்பட்டுவிட்டார்கள். இவற்றுள் மிகச் சிறியவையான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கண்டறிந்ததற்காக விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை கட்டுப்படுத்தும் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்பது பிறவியிலேயே அமைந்த காவல். மேக்ரோபேஜ், நியூட்ரோஃபில், இயற்கைக் கொல்லி அணு ஆகிய உயிரணுக்கள் எதிரியை முன்பின் பார்த்திராமலே பாயும். அந்தக் காவலைப் புற்றுநோயின் மேல் ஏவலாம் என்பதற்குச் சான்று பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி.

இந்தத் தடுப்பூசி 1948இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்ட பி.சி.ஜி. ஆய்வகத்தில் தயாரானது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரிய கள ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டி உலகையே திகைக்கவைத்தது. ஆனால் 1976இல் கனடாவில் மருத்துவர் அல்வாரோ மொராலெஸ் அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்கிருந்த மேலோட்டமான புற்றுக்கட்டிகள் மீண்டும் தலைதூக்குவது குறைவதைக் கண்டார். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் என்ற அவருடைய முறைதான் இன்றும் அடிப்படை. கிண்டி ஆய்வகமும் இதற்கென 40 மில்லிகிராம் மருந்தைத் தயாரித்தது. பி.சி.ஜி. கிருமியின் மேலுறையை உயிரணுக்களின் 'டோல்' வகை ஏற்பிகள் உணர்கின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள் திரள்கின்றன, டி அணுக்கள் பின்னால் வருகின்றன.

இந்த ஏற்பிகள் எழுப்பும் எச்சரிக்கை ஓயாமல் ஒலித்தால் உடம்புக்கே கேடு. அதை அடக்குவது மைக்ரோ ஆர்.என்.ஏ.-146ஏ, ஏற்பியின் செய்தியைக் கடத்தும் இரண்டு புரதங்களின் உற்பத்தியை அது குறைக்கிறது என்று 2006இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகம் காட்டியது. 155 என்ற எண்ணுடையது பெரும்பாலும் எதிர்த்திசையில் இயங்கி அழற்சியைத் தூண்டுகிறது.

புற்றணு இந்த ஏற்பாட்டைத் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறது. அழுத்தத்துக்கு உள்ளான உயிரணு, 'என்னைக் கொல்' என்பதுபோல் மேற்பரப்பில் மிக்-ஏ, மிக்-பி புரதங்களைக் காட்டும். சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அவற்றைக் குறைத்துவிடுவதால் கொல்லி அணு ஏமாந்து கடந்துபோகிறது. இதைவிடத் தந்திரமானது 2012இல் தெரியவந்தது: நுரையீரல் புற்றணுக்கள் 21, 29ஏ ஆகிய மைக்ரோ ஆர்.என்.ஏ. இழைகளை நுண்பைகளில் அடைத்து வெளியே அனுப்புகின்றன. அருகிலுள்ள மேக்ரோபேஜ் தன் 'டோல்' ஏற்பியால் அவற்றை வைரஸின் ஆர்.என்.ஏ. போலவே உணர்ந்து அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சி நோய் பரவத் துணைபோகிறது.

மருத்துவத்திலும் நோயெதிர்ப்பின் இந்த இருமுகம் குறுக்கிட்டது. கட்டியை அடக்கும் 34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இழை, கருப்பைவாய்ப் புற்றுநோயில் பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதத்தால் குறைந்துபோகும் ஒன்று. அதைச் செயற்கையாகச் செய்து கொழுப்புக் குமிழில் வைத்துப் பலவகைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய எம்.ஆர்.எக்ஸ்.34 மருந்தின் முதற்கட்டச் சோதனை, நோயெதிர்ப்பு சார்ந்த கடும் பாதிப்புகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.