பால் பசையில் ஒட்டிய விமானம்

போன வாரம் மாட்டுக் கொட்டகையின் பழைய கூரையைப் பிரித்தோம். தாத்தா காலத்துக் கூரை. ஆசாரியார் ஒரு சட்டத்தைக் கழற்றி என்னிடம் காட்டினார். வெளியே கறையான் அரிச்சிருக்கு. உள்ளே பொருத்து மட்டும் இறுக்கமா அப்படியே இருக்கு.

"ஆருக்கும் தெரியாத எடத்துல ஒழுங்கா செஞ்சிருக்கான் பாருங்க. அவன்தான் வேலைக்காரன்" என்றார்.

எனக்கு எங்கோ இருக்கிற ஒரு கிராமம் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கும் செர்ரி குரோவ். மக்காச்சோளக் காடும் பால் மாடும் சூழ்ந்த சின்ன ஊர். 1920களில் அங்கே பெர்னார்ட் பீட்டன்போல் என்று ஒருத்தர் சொந்தமாக விமானம் கட்டினார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. தானே கற்றுக்கொண்ட மெக்கானிக்.

விமான இன்ஜின் வாங்க அந்த ஊர்க்காரர்களுக்குக் காசு ஏது? ஃபோர்டு 'மாடல் ஏ' கார் வந்த புதிது. அதன் இன்ஜின் 40 குதிரைத்திறன். அதையே எடுத்து விமானத்தின் மூக்கில் மாட்டினார். 1929-ல் பறந்தது. ரெண்டு பேர் உட்காரலாம். 'ஏர் கேம்பர்' என்று பெயர்.

கார் இன்ஜின் கனம் அதிகம். அப்போ மற்றதெல்லாம் லேசாக இருக்கணும். உடற்பகுதி முழுக்க மரம்தான். அதைக் கட்டும் விதத்தைச் சொன்னால் நம்ம ஆசாரிகளுக்குச் சட்டுனு புரியும்.

ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில், ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சதுரமாக நாலு நீளச் சட்டங்கள். விமானத்தின் ஒரு பக்கத்தை முழு அளவிலேயே பலகை மேல் வரைந்துகொள்வார்கள். கோட்டின் இருபுறமும் சின்னச் சின்னக் கட்டைகளை அடித்து, நடுவில் சட்டத்தை வளைத்து உட்கார வைப்பார்கள். பிறகு குத்துக்கால், குறுக்குச் சாய்வுக் கால். மூட்டுக்கு மூட்டு பசை தடவி, மேலே மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து, பொடி ஆணி அடிப்பார்கள். அதே அச்சில் அடுத்த பக்கமும் தயாராகும். ரெண்டையும் நிமிர்த்தி, வால் பக்கம் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் குறுக்குக் கட்டைகள் கொடுத்தால் கூடு ரெடி. மூலைக்கு மூலை அளந்து பார்க்கணும். கோணல் இருந்தால் வானத்தில்தான் தெரியும்!

அந்தக் காலத்து மர விமானங்களை ஒட்டியது கேசின் பசை. அது வேறொன்றும் இல்லை, பால்தான். ஆடை எடுத்த பாலைத் திரிய வைத்து, அந்தத் திரட்டைக் காயவைத்துப் பொடியாக்கி, சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்தது. நாம கறக்கிற அதே பால் ஒரு ஆளை வானத்தில் தாங்கியிருக்கு! ஒரு குறை உண்டு. ஈரம் நாளெல்லாம் தங்கினால் பூஞ்சை பிடித்து விட்டுப்போகும். இப்போ கட்டுகிறவர்கள் எபாக்ஸி மாதிரி பசைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒட்டின மூட்டுக்குள்ளே பசை பிடித்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாது. அதனால் அதே பசையில், அதே மரத்தில் ஒரு துண்டை ஒட்டி, காய்ந்ததும் உடைத்துப் பார்ப்பார்கள். மரம் கிழிந்தால் நல்ல ஒட்டு. பசை பிரிந்தால் மோசம். அந்தத் துண்டு பிரிந்ததை யாரும் பார்க்கவில்லை என்று மறைக்கலாம்தான். ஆனா கட்டினவனே ஏறி உட்காரணும். இன்னொரு ஆளையும் கூட உட்கார வைக்கணும்.

கார் இன்ஜினை வைத்து விமானம் ஓட்டுவது நடக்காத காரியம் என்று அப்போது ஒரு பத்திரிகை சொன்னது. 'மாடர்ன் மெக்கானிக்ஸ்' அதன் பேர். ஆசிரியர் பேர் வெஸ்டன் ஃபார்மர். பேரில் மட்டும்தான் விவசாயி. பீட்டன்போல் வாக்குவாதம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. 1930-ல் ரெண்டு ஏர் கேம்பர்கள் மினியாபொலிஸ் பக்கம் பறந்துபோய் அவர் கண்முன்னே இறங்கின. அந்த மனுஷனையும் பாராட்டணும். தன் பேச்சை மாற்றிக்கொண்டு அந்த வரைபடங்களையே வெளியிட்டார். அதைப் பார்த்து இன்றைக்கும் யாராவது எங்காவது ஒரு கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பீட்டன்போல் 1984-ல் காலமானார்.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, அன்றைக்குக் காலையில் ஆசாரியாரிடம் "பொருத்தெல்லாம் வேண்டாம், தகடு வச்சு ஆணி அடிச்சு சீக்கிரம் முடிங்க, கூலி கட்டுபடியாகல" என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்தப் பழைய மூட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு வாய் வரலை. இன்னும் நாலு நாள் வேலை இருக்கு. இந்தக் கூரைக்குக் கீழேதான் என் மாடும் கன்றும் படுக்கணும். பால் கறக்க நானும் தினம் அதுக்குக் கீழேதான் உட்காரணும்.