இனிக்காத திராட்சை ரசம்

பிப்ரவரி பிறந்தால் போதும், சரோஜினி நகர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிக்காரர்கள் "நாசிக் கா அங்கூர்" என்று கூவ ஆரம்பித்துவிடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் விளையாடி வளர்ந்த எனக்கு அதைக் கேட்டாலே கொஞ்சம் பொறாமை வரும். போன மாதம் ஆபீஸ் விருந்தில் அது இன்னும் கூடிப்போனது. மேஜையில் இருந்த வெள்ளை ஒயின் பாட்டிலிலும் நாசிக்! சாவிஞான் பிளாங்க் என்ற திராட்சை, 'டிரை' வகையாம்.

ஊரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏம் மாப்ளே, இனிப்பே இல்லேன்னா அதுக்கு எதுக்குய்யா திராட்சை?" என்றார். நியாயமான கேள்விதான்.

பழத்தில் உள்ள சர்க்கரை அநேகமாக முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டால் அதுதான் டிரை. இனிப்பு போனபின் மிஞ்சுவது புளிப்பும் மணமும். பழம் முற்றும்போது இரவில் குளிர் இல்லையென்றால் அந்தப் புளிப்பு தங்காது. சாவிஞான் பிளாங்கின் தாய்வீடு பிரான்ஸ். அங்கே கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அறுவடை.

நாசிக்கில் கொடி தூங்காது. அதனால் இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் என்பதால் குளிர்கால இரவுகளில் நல்ல குளிர். அந்தக் குளிரில் பழம் முற்றி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை.

"கவாத்து நாமளுந்தானே பண்றோம்" என்றார் மாமா. பண்ணுகிறோம்தான். ஆனால் நம்மூர் பன்னீர் திராட்சை ஒவ்வொரு கவாத்துக்கும் காய்க்கும். நாசிக்கில் ஏப்ரல் கவாத்து கிளை தேறுவதற்கு மட்டுமே, காய் கிடையாது. "ஒரு போகத்தையே விட்டுடறானா!" என்று வாயடைத்துப்போனார்.

நாசிக் நெடுங்காலமாகச் சாப்பிடும் திராட்சைக்குப் பேர்போன ஊர். மகாராஷ்டிரத்தில் ஒயினுக்குப் புது வழி போட்டவர் ஷாம்ராவ் சௌகுலே. 1980களில் நாராயண்காவில் அவருடைய இண்டேஜ் நிறுவனம் நுரைக்கும் ஒயின் செய்தது. அடுத்து ராஜீவ் சாமந்த். ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிளில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்துக்குத் திரும்பியவர். கலிபோர்னியாவின் கெர்ரி டாம்ஸ்கி துணையோடு, அம்மா சுலபாவின் பெயரைச் சுருக்கி 'சூலா' என்று வைத்து, 2000-ல் சாவிஞான் பிளாங்கையும் செனின் பிளாங்கையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயின் ஆலைகளுக்கு வரிச்சலுகையோடு தனிக் கொள்கையே அறிவித்தது. ஆலைகள் மளமளவென்று முளைத்தன. விவசாயிகளும் நம்பி ஒயின் திராட்சை நட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். ஒயின் திராட்சை சின்னது, கொட்டை உள்ளது, தோல் தடித்தது. தள்ளுவண்டியில் விலைபோகாது. ஆலை வாங்கினால்தான் உண்டு. 2008 பொருளாதாரச் சரிவில் விற்பனை படுத்தது, ஒயின் தேங்கியது, இண்டேஜும் வீழ்ந்தது. ஒரு போகத்தை விட்டுக் காத்திருந்தவர்களில் பலர் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி சாப்பிடும் திராட்சைக்கே போனார்கள். தாக்குப்பிடித்த சூலா 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது.

நம்ம பன்னீருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். வருஷம் முழுக்கக் காய்க்கும், எந்த ஊர்ச் சந்தையிலும் விலைபோகும். விலை இறங்கினாலும் அடுத்த போகம் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "பாட்டில்ல பேரு வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா வாங்குறவன் ஒருத்தன்தான்னா, அந்தக் கொடிய நான் நட மாட்டேன் மாப்ளே."

இப்போதெல்லாம் "நாசிக் கா அங்கூர்" காதில் விழுந்தால் பொறாமை வருவதில்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.