முதுகுவலி மறுவாழ்வில் பயிற்சி: முறையைவிடத் தொடர்ச்சியே பெரிது

2020-இல் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர். 2050-க்குள் இது 84.3 கோடியாகும் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு கணிக்கிறது. உடல் இயலாமையோடு கழியும் ஆண்டுகளுக்கான காரணங்களில் முதலிடம் இதற்கே. வலி மூன்று மாதங்களைத் தாண்டிவிட்டால் பயிற்சியே முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எந்தப் பயிற்சி என்பதில்தான் வழக்கு ஓயவில்லை. மெக்கன்சி முறையா, பிலாட்டிஸா, யோகாவா என்று நோயாளியும் இடம் மாறி இடம் அலைகிறார். இந்த வழக்கில் நாம் தேவைக்கு மேல் நேரம் செலவிட்டுவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அசைவதில் நோயாளி இழந்த நம்பிக்கையையும், அன்றாட வேலையைத் தாங்கும் திறனையும் மீட்பதில்தான் பயிற்சியின் பலன் பெரிதும் அடங்கியிருக்கிறது. ஆகவே, அளவைப் படிப்படியாகக் கூட்டுவதும் மாதக்கணக்கில் தொடரவைப்பதுமே மறுவாழ்வின் உயிர்நாடி.

ஓய்வு ஆட்டங்கண்டது எப்படி

முதுகு பிடித்துக்கொண்டால் படுத்துவிட வேண்டும் என்பது நெடுங்கால மருத்துவ மரபு. 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் உடன் ஆய்வாளர்களும் 203 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும் மற்றதற்கு ஏழு நாளும் பரிந்துரைத்தனர். இரண்டு நாள் குழுவினர் இழந்த வேலைநாள்கள் 45 சதவீதம் குறைவு. மற்ற விளைவுகளில் வேறுபாடே இல்லை. 1995-இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. புதிதாக வலி வந்தவர்களில், தாங்கக்கூடிய அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். படுத்திருந்தவர்கள் மட்டுமல்ல, முதுகுப் பயிற்சி செய்தவர்களும் அவர்களுக்குப் பின்தான் வந்தனர்.

முதுகெலும்புக் காசநோய் பற்றிய ஆய்வுகள் இதைவிட வலுவான சான்று. முள்ளெலும்பே அரிக்கப்படும் நோய் அது. தென் கொரியாவின் மாசானில் ஆறு மாதம் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்களுக்கும், மருந்து உட்கொண்டபடி நடமாடிய புறநோயாளிகளுக்கும் பலன் ஒத்தே இருந்தது. பூசானில் மாவுக்கட்டுச் சட்டையாலும் கூடுதல் நன்மை கிட்டவில்லை. சென்னையில் நடந்த ஆய்விலும் நடமாட்டத்துடன் கூடிய மருந்துச் சிகிச்சையே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருந்தது. சரியான மருந்து கிடைக்கும்போது, நோய் அரித்த முதுகெலும்புக்கே படுக்கை தேவைப்படவில்லை. அப்படியிருக்க, ஸ்கேனில் சிறு தேய்மானம் தெரிந்தவரை ‘அசையாதீர்கள்’ என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

எதிரெதிர்க் கொள்கைகள், ஒத்த பலன்

அமெரிக்க எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் 1930-களில் முன்னோக்கி வளையும் பயிற்சிகளை வகுத்தார். நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி 1950-களிலிருந்து உருவாக்கிய முறையோ பெரும்பாலும் பின்னோக்கி வளைவதைச் சார்ந்தது. 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வயிற்றின் ஆழ்தசைகளை முன்னிறுத்தினர். மூன்றும் முதுகெலும்பைப் பற்றி வெவ்வேறு விளக்கம் தருபவை. முதலிரண்டும் நேர் எதிரானவை.

2021-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான 249 பயிற்சி ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. சிகிச்சை இல்லாமை, வழக்கமான கவனிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட, நூறு புள்ளி அளவுகோலில் பயிற்சி வலியைச் சராசரியாக 15 புள்ளி குறைத்தது. செயல்குறைபாடு ஏறத்தாழ 7 புள்ளி குறைந்தது. இது மாயமுமல்ல, அற்பமுமல்ல. எதிரெதிர்த் திசையில் வளையவைக்கும் முறைகள் ஒரே விதமாக உதவுகின்றன என்றால், பலனின் வேர் வளையும் திசையில் மட்டும் இருக்க முடியாது. தசை வலிமை கூடிய அளவுக்கும் வலி குறைந்த அளவுக்கும் இடையே உறுதியான தொடர்பு காணப்படவில்லை என்பதும் இதையே சுட்டுகிறது.

பிலாட்டிஸ், மெக்கன்சி போன்றவை மற்றவற்றைவிடச் சற்று மேல் என்று காட்டும் ஒப்பீடுகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு திசையில் வளைந்தால் உடனே வலி தணியும் நோயாளிகளும் உண்டு. அவர்களுக்கு அந்தத் திசையிலேயே தொடங்குவது அறிவுடைமை. ஆனால் அது தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவும். பயிற்சி செய்பவருக்கும் செய்யாதவருக்கும் இடையிலான தூரத்தோடு ஒப்பிட, முறைகளுக்கு இடையிலான தூரம் சிறிது.

ஸ்கேன் அறிக்கையும் அச்சமும்

வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரை போல வயதோடு வரும் இம்மாற்றம், ‘டிஸ்க் தேஞ்சுபோச்சு, இனிமே குனியாதீங்க’ என்ற வாக்கியமாக நோயாளியின் காதில் விழுகிறது. அன்றிலிருந்து அவர் தரையில் உட்காருவதில்லை, பேரக்குழந்தையைத் தூக்குவதில்லை. யோஹன் விளாயனும் ஸ்டீவன் லிண்டனும் 2000-இல் விளக்கிய அச்சம்-தவிர்ப்புச் சுழல் இதுதான்: வலிக்குமென்ற பயம் அசைவைக் குறைக்கிறது; அசைவு குறையக் குறைய உடல் தளர்கிறது; தளர்ந்த உடல் சிறு வேலைக்கும் வலிக்கிறது.

இந்தச் சுழல் எங்கே உடைகிறது என்பதைப் பயிற்சி அறையில் பார்க்கலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்க அஞ்சும் ஒரு பெண் குனியும்போது மூச்சை அடக்குகிறார். ஒரு கை தொடையை அழுத்துகிறது. முதுகு பலகையாக விறைக்கிறது. அனுபவமுள்ள இயன்முறை மருத்துவர் முதலில் வெறுங்குடத்தை முக்காலியின் மேல் வைத்துத் தூக்கச் சொல்வார். அடுத்த வாரம் தாழ்ந்த மணைமேல், பிறகு தரையில், பிறகு கால் குடம் தண்ணீரோடு. மூச்சை விட்டபடியே குனியப் பழக்குவார். லேசாக வலித்தபோதும் மறுநாள் எழுந்து நடக்க முடிந்ததை அந்தப் பெண் தானே கண்டறிகிறார். எந்த அறிவுரையும் தராத சான்று அது.

எல்லைகள்

எல்லா முதுகுவலியும் இந்தக் கணக்கில் அடங்காது. சிறுநீர் அடைபடுவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே போவது, காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்து வருவது, புற்றுநோய் வரலாறு இருப்பது ஆகியவை உடனடி மருத்துவப் பரிசோதனையைக் கோருபவை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும் கடுமையான கால்வலியில் அறுவை சிகிச்சை விரைவான நிவாரணம் தரும். ஆனால் 2007-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களும், பொறுத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்டவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே நிலையை எட்டியிருந்தனர். அவசர அறிகுறி இல்லாதபோது, பொறுத்திருப்பதும் முறையான ஒரு தெரிவே.

செய்ய வேண்டியவை

2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை எடுத்துக்கொண்டது. படிப்படியாக நடையைக் கூட்ட வழிகாட்டலும் முதுகுவலி பற்றிய விளக்கமும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப, இடைநிலைக் கணக்கில், 208 நாள் ஆனது. பெறாதவர்களுக்கு 112 நாள். கருவி எதுவும் தேவைப்படாத நடை இவ்வளவு செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி நாள்பட்ட கீழ்முதுகு வலிக்குப் பயிற்சியையும் நோயாளிக் கல்வியையும் பரிந்துரைக்கிறது. இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர் மையங்கள் பலவற்றில் நடப்பதோ நேர்மாறு: பத்து நாள் ‘கரண்ட்’ வைத்து, ஒரு பெல்ட்டையும் மாட்டி, கடைசி நாளில் பயிற்சிப் படம் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். பலன் தரும் பகுதி அந்தத் தாளோடு முடிந்துவிடுகிறது.

இதை மாற்றப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையை விளக்கும்போது, அந்த வயதில் இயல்பானது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயாளி விரும்பிச் செய்யக்கூடிய பயிற்சியையே, அவர் கைவிட்ட ஒரு வேலையை இலக்காக வைத்துத் தொடங்க வேண்டும். மூன்றாம், ஆறாம் மாதங்களில் திரும்ப அழைத்துப் பார்ப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிட வேண்டும். மறுவாழ்வு வென்றதா என்பதை வலிப் புள்ளியை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அப்படி ஆறு மாதம் உடன்வரும் எளிய பயிற்சி, பத்தே நாளில் நின்றுபோகும் எந்தப் புகழ்பெற்ற முறையைவிடவும் நோயாளிக்கு மேலானது.