உடலியங்கியல் கற்பிக்க ஓர் ஆசிரியர் தேவை

சென்ற ஆண்டு மழைக்காலம் முழுவதும் கொல்கத்தாவில் ஒரு தனி ஆசிரியரைத் தேடி அலைந்தேன். மனித உடலியங்கியல் கற்பிப்பவராக இருக்க வேண்டும். வரலாற்று மாணவி ஒருத்தியை அடிப்படையிலிருந்து தொடங்கிவைக்கும் பொறுமை உள்ளவராகவும் இருக்க வேண்டும். தனிப்பயிற்சிக்குப் பெயர்போன நகரம் இது. கல்லூரித் தெருவின் சுவர்களில் ஒட்டப்பட்ட விளம்பரங்களைப் படித்து முடிக்கவே ஒரு நாள் ஆகும். அந்த எண்களில் பலவற்றை அழைத்தேன். எல்லோரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: "எந்தத் தேர்வுக்கு?" தேர்வு ஏதுமில்லை என்றதும் மறுமுனையில் ஓர் ஐயம் கலந்த அமைதி நிலவும். ஒருவர் இரண்டு மாதக் கட்டணத்தை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு மூன்றாம் வகுப்போடு மறைந்துபோனார். மற்றொருவர் மருத்துவ மாணவர், நல்ல பிள்ளை. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை அன்றி வேறு வழியில் அவருக்குப் பாடம் சொல்லத் தெரியவில்லை.

இந்த அலைச்சலுக்குக் காரணம் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல். 1822 முதல் 1836 வரை கல்கத்தாவில் இந்தியர்களுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கப்பட்ட வரலாறு அது. அதன் வரைவில் நான் துணிச்சலாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: 1836க்கு முன்பு இம்மாணவர்கள் மனிதச் சடலத்தை அறுத்துப் பார்க்கவில்லை, ஆகவே உடல் இயங்கும் முறையை அவர்கள் ஏட்டுப்பாடமாக மட்டுமே அறிந்திருக்க இயலும். நெறியாளர் அந்த "ஆகவே"யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: உடலியங்கியல் கற்க எது தேவை என்று நீங்கள் எப்போதாவது கற்றதுண்டா?

கற்றதில்லை. பள்ளியில் இதயத்தின் படத்தை வரைந்து, இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் நீலமும் தீட்டியதோடு சரி.

அந்த ஆண்டுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவுகளுக்கு இந்திய மருத்துவ உதவியாளர்கள் தேவைப்பட்டனர். அதற்காக 1822இல் கல்கத்தாவில் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் மாணவர்கள் இருபது பேர். பாடமொழி இந்துஸ்தானி. இரண்டாவது தலைவரான பீட்டர் பிரெட்டன், மாணவர்களுக்குப் பாடநூல் இல்லை என்பதைக் கண்டு தாமே சிறு நூல்களை எழுதலானார். 1825இல் அவர் வெளியிட்ட சொற்றொகுதி, உடலுறுப்புகளின் பெயர்களை ஆங்கிலம், அரபு, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் என ஐந்து மொழிகளில் அடுத்தடுத்து வைக்கிறது. ஓர் ஆசிரியர் தம் வகுப்பின் முன் நின்று திணறிய திணறல்தான் அந்நூலாக உருக்கொண்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சில ஆண்டுகளில் சமஸ்கிருதக் கல்லூரியிலும் கல்கத்தா மதரசாவிலும் மருத்துவ வகுப்புகள் தொடங்கின. பிரெட்டனுக்குப் பின் இன்ஸ்டிடியூஷனின் பொறுப்பை ஏற்ற ஜான் டைட்லர் அரபும் சமஸ்கிருதமும் பயின்ற மருத்துவர்.

1833இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஒரு குழுவை அமைத்தார். உள்நாட்டு மொழிகளிலேயே மருத்துவம் கற்பிக்க முடியும் என்பது டைட்லரின் நிலை. ஆங்கிலமே வழி என்பது பாதிரியார் அலெக்சாண்டர் டஃப் போன்றோரின் நிலை. குழு இரண்டாவது பக்கம் சாய்ந்தது. மனித உடலை அறுத்துக் கற்பிக்கும் பயிற்சி இன்ஸ்டிடியூஷனில் இல்லை என்பது குழுவின் முக்கியமான குறை. 1835 ஜனவரி 28 அன்று பிறந்த ஆணை இன்ஸ்டிடியூஷனையும் மற்ற இரு வகுப்புகளையும் கலைத்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியை நிறுவியது. மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பில் கையொப்பமிட்டது அதற்கு ஐந்தே நாட்கள் கழித்து, பிப்ரவரி 2ஆம் தேதி.

அடுத்து வருவது எல்லோரும் அறிந்த காட்சி. 1836இல் பண்டிட் மதுசூதன் குப்தா கையில் கத்தி எடுத்து மனிதச் சடலத்தை அறுக்கிறார். அருகில் பேராசிரியர் குடீவ், சுற்றிலும் மாணவர்கள். ஜனவரி 10 என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் தேதி. அக்டோபர் 28 என்பாரும் உண்டு. வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று சேர்த்துக்கொள்வோரும் உளர். பீரங்கி இல்லாமல் நம்மவர்களுக்கு வரலாறு சுவைப்பதில்லை. கல்லூரியின் கணக்குப்படி 1837இல் 60 சடலங்கள் அறுக்கப்பட்டன. மறு ஆண்டு 120. 1844இல் ஐந்நூறுக்கும் மேல். இந்த எண்களை அடுக்கி வைத்தால், இருளிலிருந்து ஒளிக்கு ஏறும் படிக்கட்டு தானாகவே அமைந்துவிடும். நானும் அந்தப் படிக்கட்டைத்தான் கட்டியிருந்தேன்.

இனி என் ஆசிரியருக்கு வருகிறேன். நகரின் வடபகுதியில், பெரிய பழைய வீடொன்றின் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர். ஒரு கல்லூரியின் உடலியங்கியல் துறையில் நெடுங்காலம் செய்முறை வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவர். நூலக ஊழியர் ஒருவர் வழியாக அவரைப் பற்றி அறிந்தேன். இங்குள்ள வழக்கப்படி அவரை மாஸ்டர்மஷாய் என்று அழைத்தேன். வயதில் இளைய பெண்ணை அழைக்கும் வங்காள முறைப்படி அவர் என்னை "மா" என்றார். எந்தத் தேர்வுக்கு என்று அவரும் கேட்டார். ஒரு வாக்கியம் சரியா தவறா என்று தெரிந்துகொள்வதற்கு என்றேன். வாக்கியத்தைக் கேட்டறிந்து சற்று நேரம் சிரித்தார். பிறகு, "நாளை வரும்போது ஒரு முழத் துணிநாடா கொண்டு வா" என்றார்.

மறுநாள் அந்த நாடாவால் என் மேற்கையை அளவாக இறுக்கிக் கட்டினார். சற்று நேரத்தில் முன்கையில் பச்சை இரத்தக்குழாய்கள் புடைத்தன; அவற்றின் வழியில் அங்கங்கே சிறு முடிச்சுகள் தென்பட்டன. ஒரு முடிச்சுக்குக் கீழே என் விரலால் அழுத்தச் சொன்னார். மற்றொரு விரலால் குழாயிலிருந்த இரத்தத்தை முடிச்சைத் தாண்டி மேல்நோக்கி வழித்துவிடச் சொன்னார். இடைப்பட்ட பகுதி வெறுமையாயிற்று. முடிச்சுக்கு மேலே குழாய் நிறைந்தே இருந்தும் ஒரு துளிகூடக் கீழே இறங்கவில்லை. கீழ்விரலை எடுத்ததும் கீழிருந்து சடக்கென்று நிரம்பியது. மூன்று முறை செய்து பார்த்தேன். என் கையில் முப்பது ஆண்டுகளாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் படங்களாக இடம்பெற்றிருப்பது இந்தச் சோதனைதான். அந்த வால்வுகளை ஹார்விக்குப் படுவாவில் ஆசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ் முன்பே விவரித்திருந்தார். சடலங்களில் அவற்றைத் தெளிவாகக் கண்டவர், இரத்தம் கைகால்களுக்கு விரைந்து பாய்வதைத் தணிக்கவே அவை இருப்பதாகக் கருதினார். உறுப்பு கண்ணெதிரே இருந்தது. அதன் தொழில் பிடிபடவில்லை. மாணவர் உயிருள்ள கையில் கட்டுப் போட்டுப் பார்த்தபோதுதான் அது திரும்பிவரும் வழியின் கதவு என்பது புலனாயிற்று.

"சடலம் பொய்யும் சொல்லும், மா," என்றார் மாஸ்டர்மஷாய். இறந்தபின் தமனிகளில் இரத்தம் பெரும்பாலும் தங்குவதில்லை, சிரைகளில் சேர்ந்துவிடுகிறது. சடலத்தை அறுத்துப் பார்த்த பண்டைய கிரேக்கர் சிலர் தமனிகளில் காற்று ஓடுவதாக முடிவு செய்தது இதனால்தான். அதை மறுப்பதற்கு கேலன் உயிருள்ள விலங்கின் தமனியைக் கட்டி, திறந்து காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கேலனே, இரத்தம் கல்லீரலில் உண்டாகி உறுப்புகளில் செலவழிந்துபோகிறது என்று எழுதிவைத்ததும் உண்டு. ஹார்வி அதை ஒரு கணக்கால் வீழ்த்தினார். அக்கணக்கை இன்றைய அளவுகளில் போடச் சொன்னார் ஆசிரியர்: ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், மணிக்கு முந்நூறு லிட்டர். உடலில் உள்ள மொத்த இரத்தமே ஐந்து லிட்டர்தான். உண்ட சோற்றிலிருந்து மணிக்கு முந்நூறு லிட்டர் உண்டாக வழியில்லை. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிவருகிறது. இந்த "ஆகவே"யை யாரும் சிவப்பு மையால் வட்டமிட முடியாது.

மூன்றாம் வகுப்பில் என் தமிழ் சிக்கலில் மாட்டியது. கைக்குழாயைக் காட்டிப் பேசுகையில் நான் பழக்கத்தால் "நரம்பு" என்றேன். அவர் பொருள் கேட்டார். விளக்கப் புகுந்தபோதுதான் எங்கள் ஊரில் நரம்பில் ஊசி போடுகிறோம், கோபத்தில் நரம்பு புடைக்கிறது, பயத்தில் நரம்பு தளர்கிறது, யாழுக்கும் நரம்பு கட்டுகிறோம் என்பது உறைத்தது. இரத்தக்குழாய், தசைநாண், உணர்வை ஏந்தும் இழை மூன்றும் அந்த ஒரு சொல்லில் குடியிருக்கின்றன. அவர் தம் மொழியிலிருந்து இணை ஒன்றைச் சொன்னார். சுசுருத சங்கிதையில் தசைநாணையும் பிணைப்பிழையையும் குறிக்கும் "ஸ்நாயு" இன்றைய வங்காளத்தில் உணர்விழைக்குப் பெயர். பிரெட்டனின் ஐந்து பத்திச் சொற்றொகுதியை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, முன்பு சலிப்பூட்டிய அப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு வழக்காடு மன்றமாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் இதே இடரை எதிர்கொண்டவர். டால்டனின் உடலியங்கியல் நூலுக்கு அவர் செய்த தமிழாக்கம் 1883இல் "மனுஷ சுகரணம்" என்ற பெயரில் வெளிவந்தது. உடலியங்கியலுக்கு "சுகரணம்" என்ற சொல் வழக்கில் நிலைத்திருக்கலாம், நிலைக்கவில்லை.

நான் மறு ஆய்வு செய்தது ஒரே ஓர் ஆவணத்தை. சமஸ்கிருதக் கல்லூரியின் மருத்துவ வகுப்பைப் பற்றிய 1828ஆம் ஆண்டு அறிக்கை, மாணவர்கள் மனித எலும்புகளைத் தயக்கமின்றிக் கையிலெடுக்கிறார்கள் என்றும், சிலர் விலங்குகளின் மென்பகுதிகளைத் தாமே அறுத்துப் பார்த்தனர் என்றும் தெரிவிக்கிறது. வரைவில் நான் இதை "வெறும் விலங்குகள்" என்று ஒதுக்கியிருந்தேன். மாஸ்டர்மஷாயிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். ஆட்டிதயத்துக்கும் நான்கு அறைகள்தாம், வால்வுகளும் அதே அமைப்பில்தாம் என்றார். தாம் நாற்பது ஆண்டுகள் தவளையை வைத்தே இதயத் துடிப்பைக் கற்பித்ததாகவும் சொன்னார். கால் எலும்பு முறிந்தவனுக்கு அறுவை செய்யப் போகிறவனுக்கு மனித உடலின் கூறு விரல்நுனியில் இருந்தாக வேண்டும். ஆதலால் பென்டிங்க் குழு கண்ட குறை அறுவை மருத்துவத்தைப் பொறுத்தவரை மெய்யான குறை. உடலியங்கியலைப் பொறுத்தவரை அது அவ்வளவு எளிதாகச் செல்லாது. அந்த வகுப்புகள் நன்றாகக் கற்பித்தன என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. கற்பித்திருக்கவே இயலாது என்று நான் சொன்னதற்கும் சான்றில்லை.

மதுசூதன் குப்தாவின் வாழ்க்கையையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். ஹூக்ளி மாவட்டத்து வைத்தியபாட்டியில் வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர்; சமஸ்கிருதக் கல்லூரியின் மருத்துவ வகுப்பில் சேர்ந்து, 1830இல் அவ்வகுப்புக்கே ஆசிரியராக்கப்பட்டார். உடன் படித்தவர்கள் முணுமுணுத்தனர். ஹூப்பரின் உடற்கூற்றுக் கையேட்டைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தார். வகுப்பு கலைக்கப்பட்டதும் புதிய கல்லூரிக்குச் செய்முறை ஆசிரியராக வந்தார். கத்தியெடுத்த நாளுக்குப் பின், 1840இல், தாம் கற்பித்த மாணவர்கள் எழுதிய இறுதித் தேர்வை அவரும் எழுதித் தேறினார். 1852இல் அதே கல்லூரியில் வங்காளமொழி மருத்துவ வகுப்பு தொடங்கியபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. கலைக்கப்பட்ட வகுப்பின் மாணவர், பதினேழு ஆண்டுகள் கழித்து, தாய்மொழி வகுப்பின் தலைவர். அந்த 1836ஆம் ஆண்டுக் காலையில் நடுங்காமல் அறுத்த கைக்குப் பின்னால், எலும்பையும் விலங்குடலையும் சுசுருதத்தையும் ஹூப்பரையும் புரட்டிய ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அவை என் வரைவில் ஓர் அடிக்குறிப்பாகக் கிடந்தன.

அந்த அடிக்குறிப்பு இப்போது ஏழு பக்கம் ஆகியிருக்கிறது. "ஆகவே"யை அடித்துவிட்டேன். நெறியாளர் புதிய வரைவின் ஓரத்தில் வேறு நான்கு கேள்விகள் எழுதியிருக்கிறார். அவற்றில் இரண்டு சிறுநீரகத்தைப் பற்றியவை. மாஸ்டர்மஷாயிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது மாணிக்தலா சந்தையில் ஓர் ஆட்டுச் சிறுநீரகம் வாங்கி வரும்படியும், கடைக்காரர் சுற்றியுள்ள கொழுப்பை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் கூறியிருக்கிறார்.