வங்கக் கடலின் எரிமலைகள்: பதிவிலிருந்து முன்கணிப்பு வரை

வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் எரிமலை இல்லை. தமிழகத்தில் எங்குமே உயிர்ப்புள்ள எரிமலை கிடையாது. ஆயினும் இவ்வூர்கள் அடங்கிய கடலூர் மாவட்டத்தின் கிழக்கெல்லை வங்கக் கடல். அக்கடலின் மறுபுறம் அந்தமான் முதல் இந்தோனேசியா வரை எரிமலைகள் வரிசையாக உள்ளன. அவை வெடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. வெடித்தால் நம் கரைக்கு என்ன நேரும் என்பது இன்னொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்து மதிப்பிடும் அறிவு வளர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாரன் தீவின் சான்று

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 135 கி.மீ. தொலைவிலுள்ள பாரன் தீவே இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. பிரித்தானிய அதிகாரிகளான கோல்புரூக் 1787இலும் ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இலும் அதன் சீற்றத்தைக் கண்டு எழுதினர். 1803-04இலும் அது வெடித்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் மாலெட் 1884இல் தீவை ஆராய்ந்து, மறு ஆண்டில் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அடங்கியிருந்த மலை 1991இல் மீண்டும் வெடித்தது. 1994-95, 2005 எனத் தொடர்ந்து சீறி வருகிறது. நெடுங்கால அமைதியை வைத்து ஒரு மலை அணைந்துவிட்டதென முடிவு கட்டக் கூடாது என்பதே இதன் பாடம்.

கடல் கொணர்ந்த ஆபத்து

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது ஆழிப்பேரலை. அதன் எச்சத்தைச் சென்னை, நாகப்பட்டினம் அலைமானிகள் பதிவு செய்தன. தொலைதூர எரிமலையின் தாக்கம் தமிழகக் கரையைத் தொடும் என்பதற்கு அளவிடப்பட்ட சான்று அன்றே கிடைத்துவிட்டது.

முன்கணிப்பின் வளர்ச்சி

1982இல் எரிமலையியலாளர்கள் நியூஹாலும் செல்ஃபும் வெடிப்பின் வலிமையை 0 முதல் 8 வரை வரிசைப்படுத்தும் குறியீட்டை வகுத்தனர். அதனால் சிறு வெடிப்புகள் அடிக்கடியும், பெருவெடிப்புகள் அரிதாகவும் நிகழ்வதை ஒப்பிட முடிந்தது. 1985இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸில் ஆபத்து வரைபடம் ஆயத்தமாக இருந்தும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. சேற்றுப் பெருக்கில் சுமார் 23,000 பேர் மாண்டனர். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோவில் நிலநடுக்கமும் வாயு வெளியேற்றமும் தொடர்ந்து அளக்கப்பட்டன. வெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேர் அகற்றப்பட்டுக் காப்பாற்றப்பட்டனர். இரண்டு நிகழ்வுகளிலும் எச்சரிக்கை இருந்தது. அதற்குச் செவிகொடுத்து நடந்ததுதான் உயிர்களைக் காத்தது.

நம் கரைக்கான மதிப்பீடு

பாரன் தீவு மீண்டும் வெடிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் அண்மைக்கால வெடிப்புகளின் அளவை நோக்கினால் தமிழகத்துக்கு அதனால் நேரும் பாதிப்பு குறைவு. விமானப் பாதைகளுக்குச் சாம்பல் இடையூறாகலாம். இந்தோனேசியப் பெருவெடிப்பின் நிலை இதற்கு நேர்மாறு: வாய்ப்பு குறைவு, விளைவு பெரிது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2007இல் ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. எச்சரிக்கைக்கு முதல் தடயம் பெரும்பாலும் நிலநடுக்கமே. ஆனால் 2018 டிசம்பரில், பழைய கிரகட்டோவாவின் இடத்தில் எழுந்த அனாக் கிரகட்டோவா எரிமலையின் சரிவு கடலில் விழுந்து எழுந்த அலை, பெரிய நிலநடுக்கம் எதுவுமின்றி வந்து 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆகவே ஆழ்கடல் அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் பழுதின்றி இயங்குவது இன்றியமையாதது. எரிமலை அலையையும் கருத்தில் கொண்ட ஒத்திகைகளைக் கடலூர், நாகை மீனவ ஊர்களில் அரசு ஆண்டுதோறும் நடத்த வேண்டும்.