திருவனந்தபுரமும் வீட்டுப் பொட்டியும்

2001 ஜூலை 20. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோட இந்திய அமைப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துல தொடங்கி வச்சார். கேரளப் பள்ளிக்கூடங்கள் லினக்ஸுக்கு மாறினதெல்லாம் அதுக்கப்புறம். மனுஷன் ஓயாம சொல்றது ஒண்ணுதான்: விலை இல்லாதது வேற, கட்டு இல்லாதது வேற. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'ஃப்ரீ'. நம்ம தமிழ்ல அந்தக் குழப்பமே இல்ல. இருந்தும், வீட்டுல சர்வர் வச்சுப் பழகுற நம்ம ஆளுங்க பலருக்கு அது உறைச்சது 2024-லதான்.

ஒரே பொட்டிக்குள்ள நாலஞ்சு சர்வர் ஓட்ட, பலரும் போட்டது விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ. 2008-ல அதை இலவசமா விட்டாங்க (ஓசின்னா விடுவோமா!). 2023 நவம்பர்ல விஎம்வேரை பிராட்காம் வாங்குச்சு. 2024 பிப்ரவரியில இலவசப் பதிப்பு நிறுத்தம். 2025 ஏப்ரல்ல திரும்பக் கொடுத்தாங்க. கொடுக்கறதும் எடுக்கறதும் அவங்க இஷ்டம்.

கேவிஎம் கதையைப் பாருங்க. 2007-ல ஜிபிஎல் உரிமத்தோட லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்தது. எழுதின கும்ரானெட்டை 2008-ல ரெட் ஹேட் வாங்குச்சு. ரெட் ஹேட்டை 2019-ல ஐபிஎம் வாங்குச்சு. (1972-லேயே விஎம்/370 கொண்டுவந்த அதே ஐபிஎம்!) முதலாளி ரெண்டு தடவை மாறியும் மூலநிரலை யாரும் பூட்ட முடியல. நம்ம வீட்டுப் பொட்டியில இப்ப ஓடுறது அதுதான், ப்ராக்ஸ்மாக்ஸ் வழியா.