இடாப்பிலிருந்து விரிதாள் வரை

எமது கல்லூரியின் கட்டடங்கள் பற்றியும் அதிபர்கள் பற்றியும் இம்மலரின் வேறு பக்கங்கள் கூறும். நாம் எழுத எடுத்துக்கொண்டது நிரைகளும் நிரல்களும் கொண்ட ஒரு தாளின் கதை.

மூத்த பழைய மாணவியருக்கு அந்தத் தாள் வரவு இடாப்பாகவே நினைவிருக்கும். இடப்பக்கம் பெயர்கள், மேலே திகதிகள், மாத முடிவில் கூட்டுத்தொகை. தவணை முடிந்தால் புள்ளிப் பட்டியல். கையெழுத்து அழகானவர்களை டீச்சர் உதவிக்கு அழைப்பார். அதில் எமக்கு எவ்வளவு பெருமை! ஆனால் ஒருத்தியின் கணிதப் புள்ளி 47 அல்ல, 74 என்று பிறகு தெரியவந்தால் போதும். அவளது கூட்டுத்தொகை, சராசரி, அவளோடு சேர்ந்து மாறும் மற்றவர்களின் நிலை எல்லாவற்றையும் பிளேட்டால் சுரண்டித் திருத்த வேண்டும்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தபோது இடாப்பில் நிரைகள் போதவில்லை. பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடிட்டுப் பெயர்களைச் சேர்த்தோம். அந்தப் பெயர்களுக்குரியோர் பலர் இன்று எம் சங்கத்தில் இருக்கின்றனர்.

சுரண்டித் திருத்தும் சலிப்பிலிருந்துதான் கணினி விரிதாளும் பிறந்தது. 1978இல் ஹாவர்ட் வணிகக் கல்லூரி மாணவராயிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் பேராசிரியர் ஓர் எண்ணை மாற்றியதும் அதைத் தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுதுவதைக் கண்டார். அவர் பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து உருவாக்கிய விசிகல்க் 1979இல் அப்பிள் 2 கணினிக்கு வந்தது. பின்னர் லோட்டஸ் 1-2-3, எக்செல். வகுப்பறையில் தோன்றிய யோசனை கணக்காளரின் மேசைகளைச் சுற்றிவிட்டே வகுப்பறைக்குத் திரும்பியது.

எம்மிடம் அது 2000களில், தகவல் தொழினுட்பப் பாடத்தோடு வந்தது. ஒரு கணினிக்கு நால்வர். மின்சாரம் நின்றால் டீச்சர் கரும்பலகையில் கட்டம் வரைந்து பாடத்தைத் தொடர்வார். உண்மையைச் சொன்னால், எம்மில் பலர் சூத்திரங்களை மனனஞ்செய்தே சித்தியடைந்தோம்.

ஒரு பாடம் மட்டும் மனனத்தால் வந்ததல்ல. 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 சதவீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. கடன் கொடுப்பவர் 12,000 ரூபா வட்டியைக் கூட்டி, 62,000ஐப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் 5,167 ரூபா கேட்பார். டீச்சர் நான்கு நிரல்கள் இடச் சொன்னார்: மாதத் தொடக்க மிகுதி, அம்மாத வட்டி, கட்டிய தவணை, எஞ்சிய மிகுதி. கட்டக் கட்டக் கடன் குறைகிறதல்லவா? குறைந்த மிகுதிக்கு மட்டுமே வட்டி என்றால் அதே 24 சதவீதத்துக்கு மாதம் 4,728 ரூபா போதும். மொத்த வட்டி ஏறத்தாழ 6,736 ரூபாதான். அப்படியானால் 5,167 கட்டுபவர் உண்மையில் கொடுப்பது எத்தனை சதவீதம்? வட்டிக்குரிய கலத்தில் 30 என்று இட்டோம். 36, 40 என்று ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் நிரல் முழுவதும் தானாக மாறியது. 41க்கும் 42க்கும் இடையில்தான் இறுதி மிகுதி பூச்சியத்தைத் தொட்டது.

வகுப்பில் யாரும் பேசவில்லை. குழுக்கடன் எடுக்காத வீடுகள் எம் கரையோரத்தில் எத்தனை? மறுநாள் பின்வாங்கிலிருந்த ஒருத்தி தன் தாயின் தவணைப் புத்தகத்தைப் புத்தகப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். தாய் கருவாடு காயவைத்து விற்பவர். இடைவேளையில் அவள் தனியே அமர்ந்து எண்களைத் தட்டினாள். நாம் அருகில் நின்றோம். விடையை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, அடுத்த கடனுக்குக் கையெழுத்திடும் கூட்டத்துக்கு உம்மாவோடு அவளும் போனாள், கொப்பியோடு.